ஆயிரத்து நூற்று இருபது அடி

மழை பெய்தால் இந்த ஜெர்மன் ஊரில் துக்கம் விசாரிக்கிறார்கள். இந்த மாதம் பத்தொன்பது நாள் மழை; பத்தொன்பது நாளும் அடுத்த வீட்டு ஹெல்கா அம்மையார் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஷ்ரெக்லிஹ்!" என்றார். கொடுமை என்று அர்த்தம். ஊரில் என் தம்பி தோட்டத்தில் தண்ணீர் இல்லை என்று முன்பொருநாள் சொல்லிவைத்தேன். "குழாய்க்காரருக்குப் போன் செய்தாரா?" என்று அக்கறையாகக் கேட்டார். செய்தான் என்றேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை வேறு எப்படி விளக்குவது?

பேரண்டம் பிறந்த முதல் நொடியின் முதல் துணுக்கில் என்ன நடந்தது என்று கணக்குப் போடத்தான் முப்பத்தெட்டு வருடம் எனக்கு இங்கே சம்பளம். எழுபத்தொரு கட்டுரைகள். ஒன்றையும் யாரும் சரியென்று நிரூபிக்கவில்லை, தவறென்றும் நிரூபிக்கவில்லை. இதைவிடப் பத்திரமான வேலை கிடையாது.

போன சித்திரையில் எருமப்பட்டிக்குப் போனபோது பழைய போர் வற்றி, தம்பி செல்லமுத்துவின் நூற்று நாற்பது தென்னையும் மட்டை தொங்கி நின்றன. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர், வேப்பமரத்தடியில் தேங்காய் எழுந்து நின்றது என்று சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் சிரித்தேன்.

"ஏனுங்ணா, அப்ப நீங்களே ஒரு பாயிண்ட் சொல்லுங்க. அண்டம் பூரா அளந்தவருக்கு இந்த மூணு ஏக்கரா பெருசுங்களா?" என்றான் தம்பி.

விட்டேனா? அக்கம்பக்கத்துப் பதினொரு போர்களின் ஆழத்தையும் தூரத்தையும் குறித்துச் சராசரி எடுத்தேன். பேரண்டம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி என்பது எங்கள் தொழிலின் முதல் அனுமானம். எருமப்பட்டிப் பாறை அதைப் படித்திருக்கவில்லை.

நான் காட்டிய இடத்தில் காலை ஏழு மணிக்குத் துளைக்க ஆரம்பித்தார்கள். ராடுகளை எண்ணினேன்: ஐம்பத்தாறு, ஒவ்வொன்றும் இருபது அடி. "பொகதானுங்க சாமி வருது. நிறுத்திக்கலாங்களா?" என்றார் ரிக்காரர். ஆக, வாழ்நாளில் என் கணக்கு ஒன்று சோதிக்கப்பட்டது. நாலு மணிக்கு முடிவும் தெரிந்துவிட்டது.

ரிக் திரும்பக் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. வேப்பமரத்தடியில் ஐந்நூறு அடியில் தண்ணீர். ஒரே ஒரு சோதனையை வைத்துத் தேங்காய்க்கு அறிவுண்டு என்று நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. ஆனால் அறுபத்துமூன்று மரங்கள் அதற்குள் பட்டுப்போயிருந்தன.

"வேப்பமரத்தடிதான்னு உனக்குத் தோணியிருந்தா அன்னிக்கே ஏண்டா சொல்லல?" என்று போனில் கத்தினேன்.

"வருசத்துக்கு ஒருக்கா வாரீங்க. உங்க பேச்சத் தட்டி, அடுத்த வருசம் நீங்க வராமப் போயிட்டா என்னங்ணா பண்றது?"

அந்த வறண்ட துளையைக் கல் வைத்து மூடியிருக்கிறார்கள். பண்ணையாட்கள் அதற்குப் 'பெரியண்ணன் போர்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். ஊரில் என் பேரில் இருப்பது அதுதான்: ஆறரை அங்குல அகலம், ஆயிரத்து நூற்று இருபது அடி ஆழம்.

இன்று இருபதாவது நாள். அறுபத்துமூன்று மரத்துக்கும் போதுமான மழை சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்கா அம்மையார் வாய் திறக்கும் முன் நானே, "ஷ்ரெக்லிஹ்" என்றேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. ஒருவழியாக நானும் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.