பாவா காதோடு சொன்னது

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவா இறந்த செய்தி வந்தபோது நான் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கிண்டல் பேசிக்கொண்டிருந்தேன்.

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் யாரிடம் பேசினாலும் கத்தித்தான் பேசுவார். அவர் எண்ணிலிருந்து போன் வந்தால் காதில் வைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை கனகம்மாசத்திரத்தில் என் பஞ்சர் கடையில் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எண் வந்தது. பழக்கப்படி தள்ளிப் பிடித்து, "இன்னா பாவா, அங்கருந்து கூப்ட்டாலே கேக்குமே, எதுக்குப் போனு?" என்றேன். சத்தம் வரவில்லை. "இன்னா, தொண்ட கட்டிகிச்சா?" என்று இன்னொன்றும் போட்டேன். அப்புறம்தான் காதில் வைத்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். "பாவா பூட்டார்டா" என்றாள். அதற்கு முன்னால் எத்தனை முறை சொன்னாளோ.

காட்டுக் குழுவில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் திருத்தணி மண்டபத்தில் நடந்ததை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான். கேளுங்கள்.

நம்முடையது தேசியப் பூங்கா என்று பலகை வைத்த காடு இல்லை. முள்ளும் பாறையுமான காப்புக்காடு. திருத்தணி மலைக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதன் நடுவே கல் லாரி போகக் குவாரிக்காரர்கள் ஒரு சாலை கேட்டார்கள். வறண்ட குன்று, தண்ணீர் இல்லை, விலங்கு நடமாட்டம் இல்லை என்று அவர்கள் கொடுத்த அறிக்கையில் எழுதியிருந்தது. மாதம் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுக் காட்டில் நடக்கிற மனிதர் பாவா. சாலை பற்றி மக்கள் கருத்தைக் கேட்கத் திருத்தணி மண்டபத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். அறிக்கையைப் படித்தவர், மறுநாளே ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். "கூட்டத்துக்கு வா. மைக்ல சொல்லு. ஆனா கண்ணால பாத்தத மட்டும் சொல்லு." எல்லோரிடமும் இதேதான்.

என்னிடமும் வந்தார். "லாரி வந்தா எனக்குப் பஞ்சர் வரும் பாவா. மயிலு வந்தா உனக்கு இன்னா வரும்? அதுக்குப் பொடவ நெய்யப் போறியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "காட்டுல கீற சுன போச்சின்னா ஏரி போச்சி. ஏரி போச்சின்னா உங்கக்கா கொடத்தத் தூக்கினு உன் கடைக்குத்தான் வருவா" என்றார். கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் ஒரு பக்கம் நாம். இன்னொரு பக்கம், சாலை வேண்டும் என்று சொல்ல வேனில் வந்து இறங்கியவர்கள். நடுவே மேஜைக்குப் பின்னால் சிரிக்காத முகத்தோடு ஒரு பெண் அதிகாரி. நம் ஆட்கள் எழுந்து முயல் பார்த்தேன், மயில் பார்த்தேன் என்று சொல்லச் சொல்ல எதிர்ப்பக்கம் ஒரே சிரிப்பு. "மயிலு எங்க வூட்டு மாடிலயே கீது மேடம்" என்றான் ஒருவன். எனக்குச் சூடேறிவிட்டது. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தேன். "நான் சிறுத்தயவே பாத்தேங்க. சுனைகிட்ட. வாலு மட்டும் இவ்ளோ நீளம்" என்று கையை விரித்தேன்.

சிரிப்பு நின்றது. அதிகாரி எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

பாவா என் பக்கம் சாய்ந்தார். காதோடு காதாக, அதாவது காதோடு காதாக என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில், "டேய் மச்சான், நீ காட்டுப் பக்கமே வந்ததில்லியே. சிறுத்தய எங்கடா பாத்தே?" என்றார்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

எதிர்ப்பக்கம் விசில் பறந்தது. "அல்லாமே பொய்யி மேடம்!" என்று கத்தினார்கள். அதிகாரி பேனாவை மூடினார். அதுவரை உண்மை பேசிய அத்தனை பேரின் முயலும் மயிலும் என் சிறுத்தையோடு போய்விட்டன.

பாவா எழுந்தார். மைக்கைத் தொடவில்லை. "அம்மா, இவன் என் மச்சான். சொன்னது பொய்யி, அடிச்சிடுங்க. இத்தினி வருசமா நடக்கறேன், நான் சிறுத்தய பாத்ததில்ல. ஆனா தண்ணி இல்லன்னு எழுதிக்கீறாங்களே, அதுவும் பொய்யி. நாளைக்கிக் காலைல வாங்க, காட்டறேன். தண்ணி இல்லன்னா நானே கையெழுத்துப் போடறேன், ரோட்டப் போட்டுக்கட்டும்."

நம் ஆட்களே தலையில் கை வைத்தார்கள். அக்னி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க் கிணறுகளே காய்ந்து கிடந்தன.

மறுநாள் அதிகாரி வந்தார். எதிர்ப்பக்கத்து ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டே கூட ஏறினார்கள். சுனையில் வெறும் மணல். பாவா உட்கார்ந்து கையால் தோண்டினார். முழங்கை வரை போனது, ஈரம் இல்லை. "எங்க பெரியவரே தண்ணி?" என்றான் படம் எடுத்தவன். பாவா பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார். அதுவும் காய்ந்த மணல். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவாவின் விரல் நுனியில் ரத்தம்.

பார்க்க முடியாமல் நான் பாறைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. சுற்றிலும் பன்றிக் குளம்புத் தடம். "இங்க எதுவோ தோண்டிக்கீதுங்க!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. நேற்றுச் சிறுத்தை பார்த்தவன் சொன்னால் யார் திரும்புவார்கள்? பாவாவுக்கோ காதில் விழவே இல்லை. ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்துவந்தேன். அவர் தடத்தைப் பார்த்தார், மண்டியிட்டார், நாலு கை மண்ணை அள்ளிப் போட்டார். மண் கறுத்தது. சொட்டுச் சொட்டாகக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. அதிகாரி குனிந்து அதில் கையை நனைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

இறங்கும்போது பாவா என் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து, "வாலு இவ்ளோ நீளமாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். காடே கேட்டது.

சாலை இன்றுவரை வரவில்லை. மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். அதனால் மாதாமாதம் ஏறிப் பார்த்து, பார்த்ததை எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கும் அவர் வேலையை நீங்கள் என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். பொய் சொன்னவனுக்கே அந்த வேலை என்பது சரிதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ரகசியக் குரலைத்தான். கடையில் கதையைக் கொஞ்சம் நீட்டப் பார்த்தாலும் "எங்கடா பாத்தே?" என்று காதில் விழுகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த மாதம் ஏறினேன். பாறைக்குப் பின்னால் தண்ணீர் இருந்தது. மான் தடம் இருந்தது. எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி ஒரு தாளில் எழுதி, பஸ் நிறுத்தத்துத் திட்டில் வைத்துவிட்டு, காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆடு வந்து தாளின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது. மேல்பாதியில் தேதியும் என் பெயரும் மட்டும் இருந்தன. மீதியை ஆடு தின்றுவிட்டது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? இருந்ததை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.