சலவை ஆலையைப் பற்றி நான் எழுதிய கட்டுரை

பல்கலைக்கழகத்தில் அந்தப் பருவம் முழுக்க எங்களுக்கு விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்கள்தான். பஞ்சாலைப் பெண்கள், சுரங்கத்துப் பிள்ளைகள், எங்கு பார்த்தாலும் புகை. வசதியானவர்கள் அவற்றை வாசித்துக் கண்ணீர் விட்டார்கள், பிறகு சட்டங்கள் திருந்தின என்று பேராசிரியை சொன்னதை நான் அப்படியே விழுங்கிவிட்டேன். எனக்கு இருபத்தொரு வயது. எழுதினால் உலகம் திருந்திவிடும் என்று நம்பினேன்.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று ட்ராம் தரிப்பிடம் தள்ளி ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் இடம். அம்மாவுக்கு அங்கே பதினாறு வருட வேலை. கோடையிலும் யன்னல் திறக்க விடமாட்டார்கள். கழிப்பறைக்கும் கேட்டுத்தான் போகவேண்டும். அம்மா சமைத்துக்கொண்டே சொன்னவற்றை நான் ஜெர்மன் மொழியில் கட்டுரையாக்கி மாணவர் இதழுக்குக் கொடுத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆலையின் பெயரையோ அம்மாவின் பெயரையோ போடவில்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்துப் பெண் எழுத்தாளர்களைப் போல எனக்கு ஓர் ஆண் புனைபெயர் வேறு!

ஒன்றை மட்டுமாவது விட்டிருக்கலாம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் சங்கிலி போடக்கூடாது என்று மனேஜர் ஒருமுறை சொன்னதிலிருந்து, அம்மா தாலிக்கொடியைச் சுருட்டி உட்சட்டையில் பின்னூசியால் குத்திக்கொண்டு போவார். கட்டுரைக்கு எடுப்பாக இருக்குமென்று அதையும் எழுதினேன். அந்த ஆலையில் தாலி அணிந்தவர் அம்மா ஒருவர்தான்.

இதழ் வெளிவந்த அடுத்த வாரம் மனேஜர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா எங்கே யாரைச் சந்திக்க டெர்மின் கொடுத்தாலும் மொழிபெயர்க்கப் போவது நான். எட்டு வயதிலிருந்து அப்படித்தான். உள்ளே போனால், மேசையில் என் கட்டுரை மஞ்சள் கோடுகளோடு கிடக்கிறது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நான் போய்விட்டால் அங்கே அம்மாவுக்காகப் பேச யாருமில்லை.

"இதையெல்லாம் யாரிடம் சொன்னார் என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் வேலை போகும் என்பதையும் சொல்லுங்கள்" என்றார் மனேஜர். நான் அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா சொன்னார். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு சொல்லு. அதிலை கிடக்கிறது முழுக்கப் பொய் எண்டும் சொல்லு."

நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால், சொன்னது அம்மாதான் என்றாகிவிடும். பேசாமல் இருந்தாலும் அதே கதி. அதில் இருப்பது முழுக்கப் பொய் என்று நல்ல ஜெர்மனில் நானே சொன்னேன். மனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த முறை எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார்.

ட்ராமில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா கேட்டார். "எழுதினது நீதானே? உன்ரை குரல் நடுங்கினதிலையே விளங்கிட்டுது."

"ஓம்" என்றேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"அழாதை. எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

கைபேசியில் இருந்ததைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அம்மா குறுக்கே பேசாமல் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"எல்லாம் உண்மைதான்" என்றார். "ஆனா நான் இவ்வளவு பாவப்பட்டவள் இல்லைப் பிள்ளை."