ஒரு பெயருக்கு மட்டும் இடமிருந்த கட்டம்

வைத்திலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது, அவர் தேர்ந்தெடுத்துவிட்டுப் போன ஃபிரேம்வொர்க்கைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸப் குழுவில் இரண்டு வரி. மாரடைப்பு, உடலை பெங்களூரிலிருந்து கொண்டுவருகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்றாவது ஒருநாள் நேரில் கேட்டுவிட வேண்டும் என்று ஆறு வருடமாக வைத்திருந்த கேள்வியை இனி யாரிடம் கேட்பது?

போனவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கு இது கசக்கலாம். ஆனால் நான் பூசி மெழுகினால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

பேண்டேஜ் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிற, ராஜபாளையத்திலுள்ள எங்கள் சின்ன அலுவலகத்துக்கு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நான் தளவாய்புரத்திலிருந்து. ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த அக்கா, திரையில் எழுத்தே தெரியவில்லை என்று ஒருமுறை குறைபட்டார். அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க அந்த அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். எழுத்தை அவர் பெரிதாக்கவில்லை. அந்த அக்காவுக்குத் தேவைப்படாத பாதிக் கட்டங்களைத் திரையிலிருந்து தூக்கிவிட்டார். பிறகு குறையே வரவில்லை. அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அந்த மென்பொருளில், தகவல்களைச் சேமித்து வைக்கிற டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்விகள் எல்லாம் நாங்கள் கையால் எழுதியவை. வருடங்கள் போகப்போக அது இடியாப்பச் சிக்கலாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபிரேம்வொர்க்கை, அதாவது யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த ஆயத்தச் சட்டகத்தை வைத்துச் சீராக்கலாம் என்று முதலாளி சொன்னார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சிறியது, கேள்வியை நாம் எழுதினால் பதிலை மட்டும் ஒழுங்காகக் கொண்டுவந்து தரும். இன்னொன்று பெரியது, கேள்வியையும் தானே எழுதிக்கொள்ளும். எதை எடுப்பது என்று நான் கேட்டபோது அண்ணாச்சி சொன்னதை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள்.

"வேகத்தப் பொறவு பாப்பம். அத வச்சு மாரடிக்க யாரு இருக்கப்போறா, அத மொதல்ல பாரு."

நான் இரண்டிலும் ஒரே திரையை எழுதிப் பார்த்தேன். புகார் வந்தால், ஒரே தடவையில் தயாரான சரக்குக்குப் போடுகிற லாட் நம்பரை அடித்ததும் அந்த லாட் எந்தெந்தப் பெட்டியில் போனது என்று காட்டுகிற திரை. பெரியது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய்வந்தது. பத்துச் சாமானுக்குப் பத்துத் தடவை கடைக்குப் போகிற மாதிரி. அதைச் சரிசெய்ய, உள்விவரம் தெரிந்த ஆள் கூடவே இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அதே வாரம் எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. வீட்டில் சொல்லுமுன் அவரிடம்தான் காட்டினேன். "இந்த மாத்து வேல முடியட்டும் செல்வி. ரெண்டு பேரும் இருந்தாத்தான் ஆவும்" என்றார். நான் வரவில்லை என்று கோயம்புத்தூருக்கு எழுதிவிட்டேன்.

முடிவுக் குறிப்பை அவர்தான் தயாரித்தார். தேர்வு, பெரியது. நான் எழுதிய பக்கம் அதில் இல்லை. யார் பராமரிப்பது என்கிற கட்டத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. உங்கள் பெயர் எங்கே அண்ணாச்சி என்றேன். "கட்டத்துல எடம் பத்தலம்மா" என்றார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். என்னை நம்பித் தருகிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதத்தில் அவர் பெங்களூர் போய்விட்டார். அந்தப் பெரிய ஃபிரேம்வொர்க் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று கேட்ட கம்பெனி. குறிப்பு எழுதும்போதே அந்த வேலைக்கான கடிதம் அவர் பையில் இருந்தது என்று பிறகு முதலாளி சொல்லித் தெரிந்துகொண்டேன். அதாவது, யார் இருக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் சரியாகவே பதில் எழுதியிருந்தார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் நான் கேட்க வைத்திருந்த கேள்வி.

நான் பயந்தது, ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு அரசு அதிகாரி ஆய்வுக்கு வந்த நாளில் நடந்தது. அதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்க, லாட் நம்பரை அடித்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகாரி டீ குடித்து முடித்தும் சுற்றியது. வெளியே வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அந்த ஒரு எடத்துல மட்டும் பழையபடி கையாலயே எழுதிரு. எவன் பாக்கப்போறான்" என்றார். தான் கட்டிவைத்ததை அவ்வளவு லேசாக விட்டுவிட்டார். நான் எழுதினேன், ஓடியது. அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவர் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

மடவார் வளாகத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவிய ஒன்னயப் பத்திப் பேசாத நாளில்லம்மா. செல்வி இருக்கா, பாத்துக்கிடுவான்னு நிம்மதியா இருந்தாவ."

அவருடைய நிம்மதிக்கு நான்தான் முதல் போட்டிருக்கிறேன். அந்த அம்மாளிடம் இதைச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில்தான் அழுதேன். அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பெரிய ஃபிரேம்வொர்க்கை எடுத்துவிட்டு வேறு வைக்கப்போகிறோம். குறிப்பு எழுத வேண்டியவள் நான். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, யார் இருக்கப்போகிறார்கள் என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். அது நல்ல கேள்வி, அதை ஏன் விட வேண்டும்? கட்டத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினேன். என்னோடு வேலை பார்க்கிற ஜெனிபரின் பெயரை எழுதப்போனவள், நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டு, நீ இருப்பாயா என்று கேட்டேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். "மெட்ராசுல ஒரு எடத்துல வேலைக்கிக் கேட்டுருக்காவக்கா. போனாலும் போவேன். ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னுதான் இருந்தேன்."

அவளைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஒருத்தியாகவே சமாளிக்கக்கூடிய சிறிய ஃபிரேம்வொர்க்கைத் தேர்வில் எழுதினேன். கட்டத்தில் என் பெயரை எழுதி, அதன் கீழே, ஜெனிபர், போனாலும் போவார் என்று எழுதினேன். தாராளமாக இடம் இருந்தது.