கந்தளாயின் முறை

எங்கள் சங்கத்தின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. நாடு முழுவதுமுள்ள சிறு வியாபாரிகளின் குரல் தாங்கள்தான் என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். திருகோணமலைக் கிளைக்கு இருப்பது ஒரு மேல்மாடி அறை, கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரைகள், மனம் வந்தால் சுற்றும் ஒரு மின்விசிறி. நான் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் கயிறும் பெயின்டும் வலைச் சாமான்களும் விற்கிறவள். கிளைச் செயலாளர் பதவிக்கு வேறு யாரும் கை தூக்காததால் அது என் தலையில் விழுந்தது. அறிக்கை எழுதுவது, ஆட்களைக் கூட்டுவது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அந்தக் காலாண்டில் கிளை என்ன செய்தது என்று தலைமையகத்துக்கு எழுத வேண்டும். நான் சொல்லப்போகும் காலாண்டில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. போன் மூலம் பொருள் விற்பது எப்படி என்று ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தோம். கொழும்பிலிருந்து வந்த இளம் விரிவுரையாளர், கருவாட்டை எந்த வெளிச்சத்தில் படம் எடுத்தால் அழகாகத் தெரியும் என்று சல்லி மீனவக் கிராமத்திலிருந்து வந்த பெண்களுக்கு விளக்கினார். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். கடற்கரையோரம் மரக்கன்றுகள் நட்டோம். அடுத்த வாரமே பட்டினத்தில் திரியும் மான்கள் வந்து மிச்சமில்லாமல் தின்றுவிட்டன. தேசியத் தலைவர் வந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, படகில் ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினோம். எவ்வளவு அழகான இடம், நீங்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது.

இதையெல்லாம் நான் எவ்வளவும் பகிடி பண்ணுவேன். ஆனால் ஒன்றை மட்டும் பகிடி பண்ண முடியாது. காலாண்டுக்கு ஒரு நாள் தலைமையகம் அமைச்சர்களையும் செயலாளர்களையும் தன் மண்டபத்துக்கு அழைத்து வந்து உட்கார வைக்கும். ஒவ்வொரு மாவட்டமும் எழுந்து ஒரேயொரு பிரச்சினையைச் சொல்லலாம். வருடக்கணக்காக இங்கே அலுவலகம் அலுவலகமாக அலைந்தும் அசையாத காரியம், அந்த மண்டபத்தில் ஒரு அமைச்சர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ சொல்ல, மறுநாள் அசைவதை நானே கண்டிருக்கிறேன். எங்கள் உறுப்பினர்கள் சந்தா கட்டுவது மரம் நடுவதற்காக அல்ல, அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

ஒரு மாவட்டத்துக்கு ஒரு பிரச்சினை என்றால், யாருடைய பிரச்சினை? ஆரம்பத்தில் இதற்காகக் கதிரை தூக்கும் அளவுக்குச் சண்டை வந்தது. தமிழருடையது போனால் முஸ்லிம்களுக்குக் கோபம், முஸ்லிம்களுடையது போனால் சிங்களவர்களுக்குக் கோபம். அப்போது எழுந்து, முறை வைப்போம் என்று சொன்னவர் எங்கள் உப தலைவர் ஐஸ் நானா. ஒரு காலாண்டு பட்டினம், அடுத்தது மூதூர், பிறகு கந்தளாய், பிறகு கிண்ணியா. யார் முறையோ அவர் சொல்வதை மற்ற எல்லோரும் தங்கள் பிரச்சினை போல் நின்று ஆதரிக்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் கிளையில் சண்டை இல்லை. தலைமையகம் எங்களை மற்ற மாவட்டங்களுக்கு உதாரணமாகக் காட்டியது. இந்த மாவட்டத்தில் மூன்று இனமும் மனக்கசப்பில்லாமல் நடத்துகிற காரியம் ஒன்று உண்டென்றால் அது எங்கள் முறைதான் என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

ஐஸ் நானா கிண்ணியா முஸ்லிம்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். அவருடைய ஐஸ் ஆலை துறைமுகத்தை ஒட்டி, என் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. சல்லிப் படகுக்காரர்களும், இலங்கைத்துறையிலிருந்து மீன் ஏற்றும் சின்ன லொறிக்காரர்களும் அவரிடம்தான் ஐஸ் எடுத்தார்கள். ஆலை நின்ற காணி அரசாங்கத்துடையது. அவருடைய வாப்பா காலத்திலிருந்து வருடாவருடம் அனுமதி புதுப்பித்து ஓட்டி வந்தார்கள். அந்தக் காலாண்டின் தொடக்கத்தில், இனிப் புதுப்பிக்க முடியாது, துறைமுகப் பக்கத்து வேலியை இந்தக் காணியையும் சேர்த்து அடைக்கப் போகிறோம், மூன்று மாதத்துக்குள் வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இங்குள்ள அலுவலகங்களில் ஏறி இறங்கினார். எங்கள் கையில் இல்லை, மேலேயிருந்து ஒரு வார்த்தை வந்தால் ஒரு வருடமாவது தள்ளிப் போடலாம் என்றார்கள். வேறு இடம் பார்த்து இயந்திரங்களை மாற்ற அவருக்கு அந்த ஒரு வருடம் போதும்.

மேலேயிருந்து ஒரு வார்த்தை. அதற்குத்தானே நாங்கள் சங்கம் வைத்திருக்கிறோம். நான் அவரைக் கடைக்குக் கூப்பிட்டுக் கதைத்தேன்.

"நானா, இந்தமுறை கொழும்புக்கு உங்கட விஷயத்தக் கொண்டு போவம்."

"இது கந்தளாய்ட முறை, தங்கச்சி."

"கந்தளாய் முதலாளியிட்ட நான் கேக்கிறன். அவர் ஏலாதெண்டு சொல்ல மாட்டார்."

"கேக்க வேணாம்."

"ஏன் வேணாம்?"

"எங்கட ஆக்கள் எப்பவும் முந்திப் பாயிறவங்க எண்டு ஒரு கதை ஈக்கி. உங்களுக்கும் தெரியும். இந்த முறையக் கொண்டு வந்ததே நான். இப்ப எனக்கொரு தேவை வந்த உடன நானே அத உடைச்சா, அந்தக் கதை உண்மையாப் போயிரும்."

"கதைக்குப் பயந்து ஆலைய மூடப்போறீங்களா?"

"ஏன் மூடுற? இதுக்கு அடுத்தது எங்கட முறைதானே. அதுவரைக்கும் வேலி வராது. கவுண்மேந்து வேல எப்ப தங்கச்சி சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கு?"

என் கடைக்கு முன்னாலுள்ள வடிகாலுக்கு மூடி போடுகிறோம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நானா சொன்னதையேதான் சொல்லியிருப்பார்கள். போகும்போது நானா திரும்பி நின்று, "நீங்க முதலாளியிட்ட இதக் கதைச்சா, நான் இந்தக் கடைப்படி மிதிக்க மாட்டன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கந்தளாய் முதலாளி அரிசி ஆலை வைத்திருக்கிற சிங்களவர். நல்ல தமிழ் பேசுவார். பெரிய லொறிகள் காலை வேளையில் பட்டினத்துக்குள் வரக்கூடாது என்று ஒரு தடை இருந்தது. அதைத் தளர்த்த வேண்டும் என்பதுதான் அவருடைய பிரச்சினை. நியாயமானதுதான், ஆனால் உயிர் போகிற விஷயம் அல்ல. கிளைக் கூட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. பெயர் சொல்லாமல், துறைமுகப் பக்கத்தில் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் யோசிக்கலாமே என்றேன். பட்டினத்து நகை வியாபாரியான எங்கள் தலைவருக்கு விஷயம் தெரியும். அவர் தன் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டு மேசையைப் பார்த்தார். கந்தளாய் முதலாளிதான் கேட்டார்.

"என்ன விஷயம், மிஸ்?"

நான் வாயைத் திறக்க முன்னர் ஐஸ் நானா எழுந்துவிட்டார். "அது சின்ன விஷயம், முதலாளி. எங்கட முறைக்கு வெச்சுக்கொள்ளலாம். இப்ப லொறிக் கதையப் பேசுவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து, லொறித் தடையால் வியாபாரிகள் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். முறை அப்படித்தான், ஆதரிக்க வேண்டும். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கொழும்புக்கு நாலு பேர் ஒரு வான் பிடித்துப் போனோம். தலைவர், கந்தளாய் முதலாளி, உப தலைவர் என்பதால் ஐஸ் நானா, அறிக்கைக்காக நான். ஹபரணைக்குக் கிட்ட நிறுத்திச் சாப்பிட்டோம். கந்தளாய் முதலாளி, நானாவுக்கு ஹலால் கடைதான் வேண்டும் என்று, தாண்டிப் போன வானைத் திருப்பி எடுக்க வைத்தார். வழி முழுக்க இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வசனம் போதும். முதலாளி, என் ஆலையை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வசனம். பின் இருக்கையில் இருந்து நான் அந்த வசனத்துக்காகக் காத்துக்கொண்டே போனேன். வரவில்லை.

மண்டபத்தில் துறைமுகத்துக்குப் பொறுப்பான அமைச்சரும் இருந்தார். எங்களுக்கு நேர் எதிரே, தண்ணீர் குடித்தால் சத்தம் கேட்கும் தூரத்தில். எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கந்தளாய் முதலாளி எழுந்து லொறிகளைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். அமைச்சர்களில் ஒருவர் ஏதோ பகிடி விட்டார், எல்லோரும் சிரித்தார்கள், செயலாளர் ஒருவர் குறித்துக்கொண்டார். காரியம் முடிந்தது. ஐஸ் நானா கைதட்டினார். நான் துறைமுக அமைச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மாவட்டத்தைக் கூப்பிட்டார்கள்.

லொறித் தடை அந்த மாதமே தளர்ந்தது. சொன்னபடி வேலியும் அந்த மாதமே வந்தது. என் வாழ்நாளில் அரசாங்க வேலை ஒன்று சொன்ன நேரத்துக்கு நடந்ததை அன்றுதான் கண்டேன். காலையில் தூண்களோடு ஆட்கள் இறங்கினார்கள். பொழுது சாய முன்னர் ஆலையின் பின்புறம் கம்பிக்குள் போய்விட்டது. இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போக மட்டும் சில நாள் தவணை கொடுத்தார்கள். ஐஸ் நானா சத்தம் போடவில்லை. தலைவரிடம் ஓடினார், தலைவர் கொழும்புக்குப் போன் எடுத்தார், அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லலாம் என்று பதில் வந்தது.

அது மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம், எங்கள் பக்கத்தில் மீன் நன்றாகப் படும் மாதங்கள். சல்லிக்காரர்கள் வெறும் பெட்டிகளோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தூர இடத்திலிருந்து வரும் ஐஸ் பாதி தண்ணீராகத்தான் வந்து சேர்ந்தது. மத்தியானத்துக்குள் கேட்ட விலைக்கு மீனைத் தள்ளிவிட வேண்டிய நிலை. எனக்குத் தெரிந்த ஒரு படகுக்காரர், கயிறு வாங்க வந்தவர், கயிற்றை வாங்காமலே திரும்பிப் போனார். ஆலையில் வேலை செய்தவர்கள் கலைந்து போனார்கள். ஒருவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகப் பதிந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். காலாண்டு அறிக்கையில் லொறித் தடை தளர்ந்ததைக் கிளையின் வெற்றி என்று எழுதினேன். பொய் இல்லை. தலைமையகம் பாராட்டி ஒரு செய்தி அனுப்பியது.

இயந்திரங்களைக் கழற்றி ஏற்றும் நாளில் நானும் அங்கே போனேன். ஐஸ் அச்சுகள் முற்றத்தில் குவிந்து கிடந்தன. அமோனியா நெடி இன்னும் போகவில்லை. பெரிய கம்பிரசரைப் பழைய இரும்புக்குத்தான் எடுத்தார்கள், ஓட்டுவதற்கு யாரும் கேட்கவில்லை. ஐஸ் நானா ஒரு பக்கமாகக் கதிரை போட்டு உட்கார்ந்து, வேலைக்காரர்களிடம் மெல்ல இறக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்தால்தான் என்ன, இரும்புக்குத்தானே போகிறது.

அப்போது கந்தளாய் முதலாளி வந்து இறங்கினார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றிப் பார்த்தார். வேலியைப் பார்த்தார்.

"நானா, அண்டைக்கு மிஸ் சொன்ன அவசர விஷயம் இதா?"

ஐஸ் நானா ஓம் என்று தலையசைத்தார்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல? சொல்லியிருந்தா நான் அந்த மண்டபத்தில எழும்பியே இருக்க மாட்டன். என்ட லொறி காலைல போனா என்ன, பின்னேரம் போனா என்ன? நெல்லு ஒரு நாளில பழுதாப் போறதில்லயே."

"தெரியும், முதலாளி" என்றார் ஐஸ் நானா. "கேட்டா நீங்க தருவீங்க. தெரிஞ்சுதான் கேக்கல்ல. எனக்குத் தந்திட்டு நீங்க ஊருக்குப் போனா, உங்கட ஆக்கள் உங்களச் சும்மா விடுவாங்களா? எங்கட முறைய நானாவுக்கு வித்திட்டான் எண்டு சொல்ல மாட்டாங்களா?"

கந்தளாய் முதலாளியின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். கோபமா, அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எங்கட ஆக்கள் என்ன சொல்லுவாங்க எண்டு நீங்களே முடிவெடுத்திட்டீங்க" என்றார். "இவ்வளவு காலம் பக்கத்தில இருந்தம், நானா. ஒரே வானில போனம், ஒண்டாச் சாப்பிட்டம். என்னில உங்களுக்கு நம்பிக்கை இல்ல. அவ்வளவுதான்."

ஐஸ் நானா இல்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் இருந்து எழுந்து, அதைக் கந்தளாய் முதலாளியின் பக்கமாகத் தள்ளி, "இருங்க, முதலாளி" என்று மட்டும் சொன்னார். முதலாளி உட்காரவில்லை. இருவரும் அந்த வெறும் கதிரைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் அங்கே நிற்க ஏலாமல் கடைக்குத் திரும்பி நடந்தேன்.