மளிகை லிஸ்ட்டில் பதினேழு பேக்கேஜ்கள்

கோகிலவாணியின் இடக்கை விரல் நோட்டின் வரிகளில் மெல்ல இறங்கியது. வலக்கை ஒவ்வொரு பெயராகக் கணினியில் தட்டியது.

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு சிறிய விதை ஆய்வு அலுவலகம். அங்கே கணக்கீடெல்லாம் கோகிலவாணியின் பொறுப்பு. ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளைத் தானே கற்றவள். அதில் கூடுதல் வேலைகளுக்காக ஏற்றும் துணை நிரலான ஒவ்வொரு பேக்கேஜின் பெயரையும், அது எதற்கென்பதையும் நோட்டில் எழுதிவிடுவாள். "மளிகை லிஸ்ட்" என்று கேலி செய்வான் சக ஊழியன் அறிவழகன்.

இன்று காலை ஆரின் புதிய பதிப்பை ஏற்றியவன் அவன்தான். பழைய பேக்கேஜ்களையும் அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டான். பழைய பதிப்புக்கென உருவானவை புதியதில் ஓடவில்லை. சாமை விதைகளின் விளைச்சலை ஒப்பிடும் வரைபடம் வரவில்லை.

"வூடு மாத்துனா சாமானை அள்ளிட்டுத்தானுங்கக்கா போவோம்?"

"பழைய வூட்டுல பதிச்ச அடுப்பையுமாடா பேத்துட்டுப் போவ?"

வத்தல்மலையிலிருந்து வந்த சாமை விவசாயி சாலம்மாள் காத்திருந்தார். விளைச்சல் சோதனையில் அவர் வீட்டு விதை மற்ற விதைகளை வென்றதா என்று தெரிந்தால்தான் நாளை அதை விதைப்பார்.

"பன்னெண்டுக்கு பஸ்ஸுங்கம்மா."

கோகிலவாணி நகல்களை நீக்கினாள். நோட்டைப் பார்த்துப் பதினேழையும் புதிதாக ஏற்றினாள். ஒன்று சரியாகத் திறந்த பிறகே அடுத்ததற்குப் போனாள். பதினேழாவதும் திறந்தது. வரைபடம் திரை நிறைய விரிந்தபோது மணி பதினொன்றரைதான்.

"ஆத்தா, விளைச்சல்ல உங்க விதைதானுங்க எல்லாத்தையும் விட ஒசரம்!" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?" சாலம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

அறிவழகன் ஓடிப்போய்ப் படத்தை அச்சிட்டு வந்தான். தாளின் சூடு ஆறுமுன் கோகிலவாணி அதை வாங்கி, சாலம்மாளின் கையில் கொடுத்தாள்.