காலில் ரொட்டி

பினாங்கிலிருந்து பெரியப்பா கப்பலில் வருகிறார் என்றதும் அப்பா தலைகால் புரியாமல் அலைந்தார். அவர் வருவது என் இங்கிலீஷைச் சோதிக்க. தேறினால் திரும்பும்போது என்னையும் கூட்டிப்போய், தம் வீட்டிலேயே வைத்து இங்கிலீஷ் பள்ளியில் படிக்க வைப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் குடியிருந்த சைகோனில் பிரெஞ்சுக்காரர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, இங்கிலீஷ் தெரிந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவர். மாதா கோவிலில் பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். நான் தேறாவிட்டால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

எனக்கு எட்டு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் எல்லாமே பிரெஞ்சு. பெரியப்பா அனுப்பிய இங்கிலீஷ் புத்தகத்தை நானே எழுத்துக்கூட்டி, படத்தைப் பார்த்து அர்த்தம் ஊகித்துக்கொண்டேன். மாலையில் அம்மா பரீட்சை வைப்பாள். காரைக்காலில் தமிழ் மட்டும் படித்தவள் அவள். நான் தயங்கினால் தப்பு, மடமடவென்று சொன்னால் சரி. ஆகவே தயங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் கற்றுக்கொண்டேனா என்பது வேறு விஷயம்.

அந்த நாளும் வந்தது. பெரியப்பா புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"படிம்மா. அர்த்தமும் சொல்லு."

காலில் வலி என்று ஒரு பையன் சொல்லும் வரி அது. வலி என்பதற்கு இங்கிலீஷில் எழுதும் அதே எழுத்துகள் பிரெஞ்சில் ரொட்டியைக் குறிக்கும். நான் தயங்கவில்லை.

"எனக்குக் கால்ல ரொட்டி இருக்கு."

அப்பாவின் முகம் செத்துப்போனது. பெரியப்பா மேலும் நாலைந்து வரிகளைக் காட்டினார். எல்லாவற்றையும் மடமடவென்று தப்பாகச் சொன்னேன்.

"வாயெல்லாம் பிரெஞ்சா இருக்குடா தம்பி. ரெண்டு வருஷம் போவட்டும், பாக்கலாம்" என்று அவர் புத்தகத்தை மூடினார்.

அவமானம் தாங்காமல் அடுக்களைக்கு ஓடினேன். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மா என்னை வாரி எடுத்து, மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் வழிந்தது. நான் தோற்றது அவளுக்கு இவ்வளவு பெரிய துக்கமா என்று நினைத்தேன்.

"அழுவாதம்மா. மாதா சத்தியமா அடுத்த தடவ பாஸ் பண்ணிடுறேன்."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

மாதாவின் பேரில் சத்தியம் செய்வது பாவம் என்பதால்தான் பொத்தினாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.