கட்டை விரலுக்கு அடியில் இருந்த தேதி

"டீ கூப்பன் 12. டிசம்பர் முடிய நாள் இருக்கு. ஹாட்பாக்ஸ்." கிழித்தெடுத்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், 1999 அக்டோபரில், அம்மா பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு இது. தாள் என்னிடம் இருக்கிறது. முகர்ந்தால் இப்போது பழைய காகிதத்தின் வாசனைதான் வருகிறது. அன்று எங்கள் வீட்டில் கூப்பன் தொட்ட எதிலும் டீத்தூள் மணந்தது, அம்மாவின் சுருக்குப்பையிலும், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கவரிலும், பாக்கெட்டைப் பிரித்து அரை விரல் நீளச் சீட்டைத் தேடிய என் நகக் கண்களிலும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போது பாசம் பொங்கவில்லை. வன்மத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கவும் இல்லை.

அப்பாவுக்குக் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் குடும்பங்கள். அந்த ஆண்டு ஒரு டீத்தூள் கம்பெனி பாக்கெட்டுக்குள் கூப்பன் போட்டது. பன்னிரண்டு சேர்த்துக் கடையில் கொடுத்தால் ஒரு ஹாட்பாக்ஸ். எங்கள் ஊரின் மார்கழிக் குளிரில் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்கு ஐந்து மணிக்கு அவித்த இட்லி ஐந்தே காலுக்குக் கல்லாகிவிடும் என்பதால் அம்மாவுக்கு அதன்மேல் ஆசை என்று எல்லாரும் நினைத்தார்கள். காரணம் வேறு. வீட்டிலிருந்த ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கொடுத்தவர் இருந்தார்: சீதனம், மொய், அப்பாவின் போனஸ். இது ஒன்றுதான் அவளே சேர்த்து அவளே கொண்டுவரப்போகும் சாமான்.

கடையின் பெயரை எழுதமாட்டேன். அந்த விளம்பரத்தையும் அவருக்கு இலவசமாகத் தர விருப்பமில்லை. "மொதலாளி" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் வந்து கடையில் கூட்டம் நெரிந்த நேரத்தில், அம்மா நூலில் கட்டிய பன்னிரண்டு கூப்பன்களை நீட்டினாள். அவர் நூலை அவிழ்த்து, மேலிருந்த சீட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஆய்த்தும்மா, டேட் ஆய்த்து" என்றார். முடிந்துபோனது என்பதைக் கன்னடத்தில் இழுத்துச் சொல்வது அவர் வழக்கம்.

"இன்னா மொதலாளி, டிசம்பரு வரைக்கும் இருக்குதுன்னாங்களே."

"யாரு சொன்னா? இங்கிலீஷ்ல போட்டுக்கீது, உனக்குப் படிக்கத் தெரியுமா? இல்ல, மோந்து பாத்தே டேட் சொல்லிடுவியா?"

கூட்டம் சிரித்தது. அவர் பன்னிரண்டையும் பின்னாலிருந்த தகர டப்பாவில் போட்டார். "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும், அதான் ரூல்ஸு" என்றார். டப்பாவுக்கு மேலே கண்ணாடி அலமாரியில், விலைச் சீட்டு ஒட்டிய ஹாட்பாக்ஸ்கள் வரிசையாக நின்றன.

நான் ஏழாம் வகுப்பு. இங்கிலீஷ் படிப்பேன். அந்தச் சீட்டில் இரண்டு வரிகள் உண்டு என்பது எனக்கு மனப்பாடம்: மேல்வரியில் பாக்கெட் போட்ட மாதம், கீழ்வரியில் கடைசி மாதம். அவருடைய கட்டை விரல் கீழ்வரியின்மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வாய் திறக்கவில்லை. வீடு வரும் வழியில் அம்மா, "அப்பா கிட்ட சொல்லாதே" என்றாள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கடைக்கு என்னை அனுப்பினாள், அவள் போகவில்லை.

விரலைப் பற்றி நான் சொன்னது சித்தியிடம். விமலா சித்தி அம்மாவின் தங்கை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, வேலூரிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தாள். பெங்களூரில் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் ஊசி குத்தி அச்சடிக்கும் ஒரு பிரிண்டரையும் வாங்கி முன்னறையில் வைத்து, பயோடேட்டாவும் விண்ணப்பமும் கடிதமும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இயந்திரத்துக்குத் தீனி போடுவதில் அவளைப்போல் கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை. ரிப்பன் மங்கினால் புதிது வாங்கமாட்டாள். மூடியை நெம்பித் திறந்து, ஸ்டாம்ப் பேட் மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து மறுபடி மாட்டுவாள். தடித்த எழுத்து கூடாது, கோடு போட்ட கட்டம் கூடாது. தமிழ் எழுத்தைப் படம்போலத்தான் அந்தப் பிரிண்டர் வரையும், ஒரு பக்கத்துக்கு அச்சுத் தலை நூறு தடவை போய்வரும் என்பதால், தமிழில் அடிப்பதென்றால் வார்த்தைகளை எண்ணித்தான் தருவாள். மை ஊறிய ரிப்பன் முதல் சில தாள்களில் அப்பிவிடும். கெட்டுப்போன அந்தத் தாள்கள் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போகும், பின்பக்கத்துக்காக.

"தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குது. ஒண்ணை மட்டும் அடிச்சுட்டுத் தூக்கிப்போட நம்ம அப்பன் இன்னா பேப்பர் மில்லா வெச்சிருந்தான்?" என்பாள்.

விரல் கதையைக் கேட்டதும் சித்தி கோபப்படவில்லை. "மொதல்ல எல்லாரோட கூப்பனையும் தேதிவாரியா அடுக்கு" என்றாள். அப்பாவின் பழைய காக்கிச் சட்டைகளைப் பிரித்து, சுவரில் தொங்கவிட ஒரு துணி தைத்தாள். அதில் பன்னிரண்டு பைகள், மாதத்துக்கு ஒன்று. கடைசி மாதம் எதுவோ அந்தப் பையில் சீட்டு போகவேண்டும். டீ, சோப்பு, சேமியா, எல்லாம். நவம்பரில் சந்தின் ஒன்பது வீட்டுக் கூப்பன்களும் எங்கள் சுவரில் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு சனிக்கிழமை "ஆய்த்து" ஆகியிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவரவரும் தன் கூப்பன் மட்டும்தான் காலாவதியானது என்று நம்பி, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

டோக்கன் யோசனை பட்டம்மா அக்காவுடையது. எதிர்வீடு, அவர் புருஷன் சுரங்கத்தில் ஆழமான லெவலில் வேலை செய்தார். கேஜ் என்கிற சுரங்க லிப்டில் இறங்குகிறவனின் நம்பர் போட்ட டோக்கன் மேலே பலகையில் தொங்கும், அவன் ஏறிவந்து எடுத்துக்கொண்டால்தான் அந்த நம்பர் தீரும் என்று அக்கா எங்களுக்கு விளக்கிவிட்டு, "ஆம்பளைங்க உள்ளாற போனா டோக்கன் இருக்குது. நம்ம கூப்பனு மொதலாளி டப்பாவுல எறங்குனா மட்டும் ஒரு நம்பரும் இல்ல. எறங்குனது இன்னாச்சுன்னு யாரு கேக்கறது? நம்பரு போடு கண்ணு" என்றார்.

அப்படித்தான் சீட்டு பிறந்தது. கூப்பனில் ஒரு நம்பர் எழுதுவோம். அதே நம்பர், வீட்டுக்காரி பெயர், கடைசி மாதம், எல்லாம் தமிழில் அச்சடித்த சீட்டு அவள் கையில் இருக்கும். கடைக்காரர் கூப்பனை வாங்கினால் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அம்மாவுக்கும் ஒரு சீட்டு உண்டு: "அக்டோபரில் கொடுத்தது 12. டிசம்பர் முடிய. இன்னும் வரவில்லை." ஒரு தாளில் நான்கு சீட்டு வருமாறு சித்தி அமைத்தாள். பின்பக்கம் உபயோகிக்கத் தாளைப் பொறுக்கித் தரும் வேலை என்னுடையது.

பிஸ்கட் டின்னில்தான் அதைக் கண்டேன். மொதலாளி அக்டோபர் கடைசியில் சித்தியிடம் வந்து, டீத்தூள் ஏஜென்சிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்து வாங்கிப் போயிருக்கிறார். அன்று ரிப்பன் புதிதாக மை குடித்திருந்ததால் ஐந்து தாள்கள் அப்பி வீணாகியிருந்தன. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வாசித்தேன். இந்த மாதம் எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்கு ஏழு ஹாட்பாக்ஸ் கொடுத்துவிட்டோம், அதற்கான கூப்பன்களை இணைத்துள்ளோம், அனைத்தும் தேதி முடியாதவை, பதிலுக்கு ஏழு அனுப்பவும் என்று அதில் இருந்தது. அனைத்தும் தேதி முடியாதவை. அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்லமுடியாது. அன்று கடையில் சிரித்த கூட்டத்தின் சத்தம் ஒவ்வொரு தரமும் கேட்டது.

வாடிக்கையாளரின் கடிதத்தை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது என்பது சித்தியின் தொழில் நேர்மை. எனக்கு அது தெரியும். தெரிந்தே அந்த ஐந்து தாள்களையும் எடுத்து, கடிதத்தின் அந்தப் பத்தி முழுசாக ஒரு சீட்டின் முதுகில் விழும்படி திருப்பி அடுக்கி, யாரிடமும் சொல்லாமல் சித்தியின் கையில் கொடுத்தேன். அச்சாகி வந்ததை வெட்டியதும் நான்தான். பத்தி விழுந்த ஐந்து சீட்டுகளில் ஒன்றை அம்மாவுக்கும் ஒன்றைப் பட்டம்மா அக்காவுக்கும் ஒதுக்கினேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை போனோம். டீத்தூள் வண்டி சனிக்கிழமைதான் வரும், சேல்ஸ்மேன் கடையிலேயே உட்கார்ந்து பில் போடுவார். அதனால்தான் அந்த நாள். ஒன்பது பெண்களும் வரிசையில் நின்றார்கள். அம்மாவும் வந்தாள், கடைசியில்.

பட்டம்மா அக்கா பன்னிரண்டு கூப்பனையும் சீட்டையும் வைத்து, "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோங்க" என்றார்.

"இன்னா இது, கோர்ட்டா? டேட் ஆய்த்து, போம்மா."

"ஆனா ஆவட்டும். ஆய்த்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"உனக்கெல்லாம் கையெழுத்துப் போட நான் இன்னா உன் ஊட்டு மேஸ்திரியா?"

அக்கா சேல்ஸ்மேன் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க போடுங்க சார். கம்பெனி ஆளுதானே நீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கி, பில் புக்கின்மேல் வைத்து எழுதப் போனார். முன்பக்கத்தில் இடம் போதவில்லை. திருப்பினார். தன் ஏஜென்சிக்கு வந்த கடிதம் என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கவேண்டும், சிரிப்பு நின்றது. கீழே வரை படித்துவிட்டு வரிசையைப் பார்த்தார்.

"மொதலாளி, ஏழு ஹாட்பாக்ஸ் குடுத்ததா எழுதியிருக்கீங்களே. இவங்கள்ல யாருக்குக் குடுத்தீங்க?"

மொதலாளி தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்குக் குடுக்கல" என்றார் பட்டம்மா அக்கா. "எனக்கும் இல்ல" என்றது வரிசையில் இன்னொரு குரல், பிறகு இன்னொன்று. அம்மா எல்லாரையும் விலக்கி முன்னால் வந்தாள். பட்டம்மா அக்காவின் கூப்பன் ஒன்றை எடுத்து மொதலாளியிடம் நீட்டினாள்.

"புடி. அன்னிக்கு மாதிரியே புடி. இப்ப அந்தக் கட்டை வெரலை எடுத்துட்டுப் படி மொதலாளி. எனக்குத்தான் இங்கிலீஷு தெரியாதே, நீ படிச்சுச் சொல்லு."

அவர் படித்தார். கூட்டத்தில் பின்னாலிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் படிக்கச் சொன்னாள். "டிசம்பர்" என்றார், இரண்டாம் முறை. பிறகு அலமாரியைத் திறந்து ஒரு ஹாட்பாக்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அம்மா அதைத் தொடவில்லை. "வெல ஒட்டியிருக்குது பாரு. இது விக்கற சாமான் இல்லியே. அதைப் பிச்சுக் குடு."

விலைச் சீட்டு லேசில் வரவில்லை. அவர் நகத்தால் சுரண்டினார், எச்சில் தொட்டுச் சுரண்டினார். கடை முழுவதும் காத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் இனிக்கிறது. சிரித்திருந்தால் அது சீக்கிரம் முடிந்திருக்கும்.

அன்று மாலையே மொதலாளி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "உன்னை நம்பிக் குடுத்த லெட்டரு சந்தி சிரிக்குது" என்று கத்தினார். சித்தி அம்மா கையிலிருந்த சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவரிடம், "தாளு என்னுதுங்க. பொய்யி உங்களுது" என்று மட்டும் சொன்னாள். அவர் போனபின் என்னிடம், "எத்தனை பொறுக்கின?" என்றாள். "அஞ்சு" என்றேன். அதன்பின் பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பஜாரில் ஒரு கடைக்காரரும் அவளிடம் கடிதம் அடிக்க வரவில்லை. 2000 மத்தியில் பிரிண்டரை விற்றுவிட்டு, பெங்களூரில் ஒரு டி.டி.பி. சென்டருக்கு வேலைக்குப் போனாள். பழி என்னுடையது, விலை அவளுடையது. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மொதலாளியிடம் கேட்கும் எண்ணம் இல்லை.

இப்போது டீத்தூள் பாக்கெட்டுக்குள் டீத்தூள்தான் இருக்கிறது. தள்ளுபடி போனில் எண்ணாக வருகிறது, நள்ளிரவில் தானாகவே செத்துப்போகிறது. அதன்மேல் யாரும் விரல் வைக்கவேண்டியதில்லை. காக்கிப் பைகள் தொங்கிய சுவரை இடித்து வேறு வீடு கட்டிவிட்டார்கள். பட்டம்மா அக்கா குடும்பம் சுரங்கம் மூடியபின் குடியாத்தம் பக்கம் போய்விட்டது. கடை இருந்த இடத்தில் செல்போன் பழுதுபார்க்கிறார்கள்.

அந்தக் கடை எப்போது மூடியது என்பதைத்தான் பல ஆண்டுகளாகத் தேடுகிறேன். ஏஜென்சி அவருக்குச் சரக்கு நிறுத்தியது, அதனால் வியாபாரம் படுத்து 2000 முடிவதற்குள் பூட்டிவிட்டார் என்று பழைய அக்கம்பக்கத்தார் ஒருவர் சொல்கிறார். இல்லை, 2001இல் சுரங்கம் மூடி ஊரே காலியானபோதுதான் அவரும் போனார் என்கிறார் இன்னொருவர். சுரங்கத்துக்கு முன்பு என்றால் அது எங்களால். பின்பு என்றால் ஊரில் எல்லாருக்கும் நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது, அவ்வளவுதான். ஏஜென்சி இப்போது இல்லை. சேல்ஸ்மேனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பு என்றே எழுத ஆசை. சான்று கிடைக்கவில்லை என்று எழுதி நிறுத்துகிறேன்.